உளமருத்துவ சமூகப்பணியா, குடும்ப சிகிச்சையா? வன்னியிலிருந்து தெரிவு செய்வோருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் உயர்தரம் முடித்த கலைப்பிரிவுப் பிள்ளைகளும், ஏற்கெனவே ஆசிரியராகவோ தாதியாகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ வேலை செய்பவர்களும் கேட்கிற கேள்வி இது: "ஆக்களோட கதைச்சு உதவுற வேலைதான் எனக்குச் சரிவரும். சமூகப்பணி படிக்கிறதோ, குடும்ப சிகிச்சை படிக்கிறதோ?" எங்கள் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வன்னியிலிருந்து புதிதாகத் தொடங்குபவர் சமூகப்பணியை முதலில் படிக்கட்டும். குடும்ப சிகிச்சையை அதன் மேல் கற்கட்டும். இந்த ஒழுங்கு பொருந்தாத சிலரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரியது பின்னால் வருகிறது.

வேலை எப்படி வேறுபடுகிறது என்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்ப்பது நல்லது. வீடு கற்பனை. ஆனால் அதிலுள்ள எந்த விபரமும் இந்தப் பக்கத்தில் புதினமில்லை.

புதுக்குடியிருப்புக்கு உள்ளே ஒரு வீட்டுத்திட்ட வீடு. தாய், 24 வயது மகன், உயர்தரம் படிக்கும் மகள். தகப்பன் 2009இல் காணாமற்போனவர். மூத்த மகன் கனடாவில். இரண்டாவது மகனுக்கு மனச்சிதைவு நோய். மற்ற மருந்துகள் சரிவராததால் குளோசபின் தொடங்கியிருக்கிறார்கள். தாய் ஒரு நுண்கடன் கொம்பனிக்குக் கிழமைக்குக் கிழமை காசு கட்டுகிறார். மகள் படிப்பை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகப் போகிறேன் என்கிறாள்.

உளமருத்துவ சமூகப்பணியாளர் இந்த வீட்டுக்குள் வருவது மருந்து வழியாக. குளோசபின் வெண்குழியங்களைக் குறைத்துவிடக் கூடியது. அதனால் முதல் 18 கிழமையும் ஒவ்வொரு கிழமையும் இரத்தம் சோதிக்க வேண்டும். 48 மணித்தியாலத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவிலிருந்து தொடரக்கூடாது, திரும்ப 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் விழலாம், வலிப்பு வரலாம். இப்போது பஸ் ஓடாத ஒரு நாளை இதோடு சேர்த்து யோசியுங்கள். மழைக்குப் பாதை மூடுகிறது, தாய் கூலிக்குப் போயிருக்கிறார், கிளினிக் நாள் தவறுகிறது. இந்தத் தொடரில் எந்த இடம் அறும் என்று முன்கூட்டியே கண்டு, பக்கத்து வைத்தியசாலையில் இரத்தம் எடுக்க ஒழுங்கு செய்வது, மருந்து தீர்வதற்கு மூன்று நாள் முன்னமே போன் எடுப்பது, குடும்பநல உத்தியோகத்தரிடமும் கிராம அலுவலரிடமும் சொல்லி வைப்பது எல்லாம் சமூகப்பணியாளர் வேலை. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பத்தில் பெயர் ஏன் விடுபட்டது, கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவதை யாரிடம் முறையிடலாம், மகளின் படிப்புக்கு எங்கே உதவி கேட்கலாம் என்பதும் அவர் தலையில்தான். இவற்றுக்கு நடுவே தாயோடு உட்கார்ந்து கதைக்கவும் வேண்டும். பார்ப்பவருக்கு அது ஊர்க்கதை மாதிரித் தெரியும். ஆனால் தற்கொலை எண்ணம் இருக்கிறதா, பூச்சிநாசினிப் போத்தல் வீட்டில் எங்கே இருக்கிறது, பூட்டித்தான் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கதைக்குள்தான் கேட்கப்படும். கமக்கார ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

குடும்ப சிகிச்சையாளர் அதே வீட்டை வேறு விதமாகப் பார்ப்பார். மகன் நோயாளி என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. அந்த நோயைச் சுற்றி வீடு எப்படி ஒழுங்காகியிருக்கிறது? கனடா அண்ணன் காசு அனுப்புகிறார், கூடவே கட்டளையும் அனுப்புகிறார். தாய் அவருக்குப் பயந்து மகனின் நிலையை மறைக்கிறார். மறைப்பதற்கு மகளைத் துணை சேர்க்கிறார். மகள் வீட்டை விட்டுப் போக நினைப்பது காசுக்காக மட்டுமா, அந்தச் சுமையிலிருந்து தப்பவா? சிகிச்சையாளர் எல்லோரையும் ஒரே நேரத்தில் இருத்துவார். கதிரைகளை வட்டமாகப் போட்டு, யார் யாருக்குப் பக்கத்தில் போய் இருக்கிறார் என்று பார்ப்பார். "சின்னண்ணா அழுதால் முதலில் யார் எழும்புவார்?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, தாயின் முகத்தைக் கவனிப்பார். ஒரு அமர்வு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை. அமர்வுகளுக்கு இடையில் வீடு தானாக எதை மாற்றிப் பார்க்கிறது என்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. அதனால் கிழமைக்கு ஒன்று வைப்பதில் பெரிய இலாபமில்லை.

இந்தத் துறையின் முதல் கருவி குடும்ப வரைபடம். மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு அதற்குள் ஒரு பெருக்கல் குறி. நெருக்கத்துக்கு இரட்டைக் கோடு, பகைக்கு வளைந்து வளைந்து போகும் கோடு. எங்கும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வன்னியில் இது முதல் நாளே இடிக்கும். தகப்பனின் சதுரத்துக்குள் அந்தக் குறி போடப் பென்சில் போகிறது என்று தாய் கண்டால் அமர்வு அவ்வளவுதான். அடுத்த தடவை வரமாட்டார். போடாமல் விட்டால் உயிரோடு இருக்கிறார் என்று நீங்கள் சொன்னதாகிவிடும். செய்ய வேண்டியது, பென்சிலைத் தாயிடம் கொடுத்து "இவரை எப்பிடிக் குறிப்பம், அம்மா?" என்று கேட்பது. சிலர் கேள்விக்குறி போடுவார்கள், சிலர் வெறும் சதுரமாக விடுவார்கள். மகள் ஒரு மாதிரியும் தாய் வேறு மாதிரியும் குறிக்க விரும்பினால், அந்த வீட்டில் இத்தனை வருடமாகக் கதைக்காத விஷயம் மேசைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த இழப்பைப் பற்றி ஆழமாக எழுதியவர் ஒரு குடும்ப சிகிச்சையாளர்தான்: அமெரிக்கரான பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இறப்பு என்றும் சொல்லமுடியாத, இருப்பு என்றும் சொல்லமுடியாத இழப்புக்கு வழக்கமான துக்கச் சிகிச்சை பொருந்தாது என்று காட்டினார். முடித்து வை, ஏற்றுக்கொள் என்று தள்ளக்கூடாது. "வரக்கூடும், வராமலும் போகக்கூடும்" என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழப் பழக்க வேண்டும் என்பது அவர் வழி. இது தெரியாத உளவளத்துணையாளர்கள் அந்தியேட்டி என்ற ஈமக்கிரியையைச் செய்யுங்கள், மனம் ஆறும் என்று புத்தி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பொட்டு வைப்பதா துடைப்பதா என்று பதினைந்து வருடத்துக்கு மேலாக ஊரின் கண்ணைச் சமாளிக்கும் பெண்ணுக்கு இதைவிடக் கொடுமையான ஆலோசனை கிடையாது.

சரி, குடும்ப சிகிச்சைதானே இந்த மண்ணுக்குப் பொருத்தம், ஏன் சமூகப்பணியை முதலில் என்கிறீர்கள் என்று கேட்கலாம்.

முதற்காரணம், இருக்க ஒரு கதிரை வேண்டும். இலங்கையில் குடும்ப சிகிச்சையாளர் என்ற பெயரில் அரச பதவி கிடையாது. சமூகப்பணி படித்தவருக்கு வாசல்கள் பல: வைத்தியசாலை உளநலப் பிரிவுகளில் உளமருத்துவ சமூகப்பணியாளர், வட மாகாண சமூக சேவைகள் திணைக்களம், நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம், பிரதேச செயலகங்களில் சிறுவர், மகளிர், உளவளத்துணைப் பதவிகள், பிறகு தொண்டு நிறுவனங்கள். ஒவ்வொரு பதவிக்கும் எந்தப் பட்டம் செல்லும் என்பது வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறும். நண்பர் சொன்னார் என்று நம்பாமல், கடைசியாக வந்த அறிவித்தலின் தகைமைப் பந்தியை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பைத் தெரிவு செய்யுங்கள். இரண்டாம் மொழித் தேர்ச்சியும் அரச வேலையில் கேட்பார்கள். சிங்களத்தை வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டால் சம்பள ஏற்றம் மாட்டிக்கொள்ளும்.

தொண்டு நிறுவன வேலை திட்டத்தோடு வரும், திட்டத்தோடு போகும். போர் முடிந்த கையோடு வன்னியில் உளசமூகத் திட்டங்களுக்கு அனுமதி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது; அனுமதி வந்தபின் காசு வந்தது, பிறகு காசு வேறு நாடுகளுக்குப் போனது. உளவளத்துணைச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தவர்களில் பலர் இன்று கணக்கெழுதுகிறார்கள், கடை நடத்துகிறார்கள்.

இரண்டாவது, வீட்டுக்குள் நுழைய ஒரு காரணம் வேண்டும். "குடும்பமாக வாங்கோ, கதைப்பம்" என்றால் வன்னியில் ஒருவரும் வரமாட்டார்கள். ஆம்பிளைகள் நிச்சயமாக வரமாட்டார்கள். காலபோக நெல் விதைப்பும் வெட்டும் நடக்கிற மாதங்களில் பெண்களும் வரமாட்டார்கள். அலுவலகமோ காலை எட்டரைக்குத் திறந்து பின்னேரம் நாலேகாலுக்குப் பூட்டும். கூலிக்குப் போகிறவருக்கு அந்த நேரம் ஒருநாள் சம்பளம். சான்றிதழ், மருந்து, பள்ளிக்கூடம், கடன் என்று ஒரு அலுவலோடு போனால் கதவு திறக்கும். அந்த அலுவலை முடித்துக் கொடுத்தபின்தான் மற்றக் கதை தொடங்கும்.

காணாமற்போனவரின் சான்றிதழையே எடுங்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. 2016இல் கொண்டுவந்த திருத்தம், இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே காணாமற்போனதற்கான சான்றிதழ் பெற இடம் கொடுத்தது. காணி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் காரியங்கள் எல்லாம் இதோடு பின்னிக் கிடக்கின்றன. எந்தச் சான்றிதழை எடுப்பது என்று ஒரு குடும்பம் சண்டை பிடிக்கும்போது, படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் வேண்டும். மாமியாரும் மருமகளும் ஏன் அந்தப் படிவத்தைக் கிழிக்கிறார்கள் என்று விளங்கியவரும் வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டும் தெரிந்தால் நல்லது. ஒன்றுதான் தெரியும் என்றால் முதலாவது தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது காரணம் துறையின் வரலாறு. குடும்ப சிகிச்சையை வளர்த்தவர்களில் வெர்ஜினியா சாடிர் சமூகப்பணியாளர். கதைவழிச் சிகிச்சையைத் தந்த அவுஸ்திரேலியர் மைக்கேல் வைட்டும் சமூகப்பணியாளர்தான். பிரித்தானியாவில் இன்றும் ஓராண்டு அடிப்படைப் பயிற்சி, ஓராண்டு இடைநிலை, பிறகு முதுமாணி என்று படிப்படியாகப் போகிறார்கள். உள்ளே வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சமூகப்பணியிலோ தாதிமையிலோ உளவியலிலோ இருந்தவர்கள். வெறுங்கையோடு வந்து குடும்ப சிகிச்சை படிப்பது அமெரிக்காவில் பரவலான வழக்கம். அங்கே அதற்கென்று மாநில உரிமம் இருக்கிறது, கலிபோர்னியா போன்ற இடங்களில் சமூகப்பணிக்கும் குடும்ப சிகிச்சைக்கும் மேற்பார்வையோடு தலா 3000 மணித்தியாலம் கேட்கிறார்கள். இணையத்தில் நீங்கள் வாசிக்கும் ஒப்பீடுகள் அனேகமாக அந்த நாட்டுக் கணக்கு. இங்கே அந்த உரிமம் இல்லை, ஆகவே அந்தக் கணக்கும் இல்லை.

வெளிநாட்டை மனதில் வைத்திருப்பவர்களுக்கும் சமூகப்பணியே வசதி. கனடாவின் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற சமூகப்பணியாளர் உளச்சிகிச்சையும் செய்யலாம். உளச்சிகிச்சையாளராகப் பதிந்தவர் அந்தப் பதிவை மட்டும் வைத்துச் சமூகப்பணியாளர் ஆகமுடியாது. உளச்சிகிச்சையாளராக முழுப்பதிவு பெற 450 மணித்தியாலம் நேரடிச் சிகிச்சையும் 100 மணித்தியாலம் மேற்பார்வையும் காட்ட வேண்டும். இங்கே செய்ததை மேற்பார்வையாளர் கையொப்பத்தோடு எழுத்தில் வைத்திருக்காதவர் அங்கே போய் முதலிலிருந்து தொடங்குவார். அவுஸ்திரேலியாவுக்கான தகைமை மதிப்பீட்டை அந்த நாட்டுச் சமூகப்பணியாளர் சங்கமே செய்கிறது. அவர்களும் களப்பயிற்சி மணித்தியாலங்களைத் துருவிப் பார்ப்பார்கள். எனவே எங்கே படித்தாலும், எத்தனை மணித்தியாலம், எந்த நிறுவனத்தில், மேற்பார்வை செய்தவரின் தகைமை என்ன என்று கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் படிப்பு முடிகிற கிழமையே வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அந்த விரிவுரையாளர் இருக்கமாட்டார், கோப்பும் இராது.

படிக்கும் இடங்கள்: சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் சமூகப்பணியில் டிப்ளோமா, நான்காண்டுப் பட்டம், முதுமாணி, இவற்றோடு உளவளத்துணைப் படிப்பும் நடத்துகிறது. அந்த ஆண்டின் வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டபிறகு விண்ணப்பியுங்கள். கிளிநொச்சியிலிருந்து போய்த் தங்கும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டாண்டுச் சமூகப்பணி முதுமாணி (எம்.எஸ்.டபிள்யூ.) படிக்கலாம், 1952இல் தொடங்கிய மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரியிலும் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் மருத்துவ, உளமருத்துவச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். தமிழிலேயே நோயாளியோடு கதைத்துப் பழகலாம் என்பது அங்கே கிடைக்கும் பெரிய வசதி. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் உளநல நிறுவனம் இன்னொரு படி மேல்: குடும்பத்தையே வார்டில் தங்கவைத்துச் சிகிச்சை செய்யும் பிரிவு அங்கே உண்டு, அதில் உளமருத்துவ சமூகப்பணியாளரின் கை முக்கியமானது. வட மாகாணத்துக்குள்ளேயே உளவளத்துணைப் பயிற்சிக்கு யாழ்ப்பாணத்துச் சாந்திகம் பழக்கமான பெயர்.

இப்போது விதிவிலக்குகள். ஏற்கெனவே ஒரு கதிரையில் இருப்பவர், அதாவது வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், உளநலப் பிரிவுத் தாதி, பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர், குருவானவர், அருட்சகோதரி, இவர்கள் நான்கு வருடம் திரும்பச் சமூகப்பணி படிக்கத் தேவையில்லை. குடும்பங்கள் இவர்களிடம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றன. இவர்களுக்கு நேரே குடும்ப சிகிச்சைப் பயிற்சிதான் இலாபம். அதேபோல, அலைச்சல் முடியாதவர், மோட்டார் சைக்கிள் ஓட விருப்பமில்லாதவர், படிவமும் கூட்டமும் கண்டால் எரிச்சல் வருகிறவர் சமூகப்பணியில் மூன்று வருடம் தாங்கமாட்டார். முல்லைத்தீவு என்ற ஒரே மாவட்டத்தில் மல்லாவிக்கும் கொக்கிளாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஐந்து பேர் ஒரே அறையில் ஒருவருக்கு மேல் ஒருவர் கத்தும்போது யார் பக்கமும் சேராமல் இருக்க முடியாதவருக்குக் குடும்ப சிகிச்சை வேண்டாம். மாமியார் கதைக்கும்போதே மருமகளுக்காக உங்கள் முகம் மாறினால் மாமியார் கண்டுவிடுவார். புதியவர்கள் செய்யும் வழமையான பிழை இதுதான்: அழுகிறவரோடு கூட்டுச் சேர்ந்து, அழாதவரை இழந்துவிடுவது. இதைத் திருத்த மேற்பார்வை வேண்டும், ஒருவர் உங்கள் அமர்வைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வன்னிக்குள் அப்படி ஒருவரைப் பிடிப்பது கடினம். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாதமொருமுறை போவது, அல்லது காணொளியில் செய்வது. அந்தச் செலவைப் படிப்புச் செலவோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கனடா அண்ணனை விட்டுவிட்டு அமர்வு நடத்துவதும் வீண்வேலை. வீட்டின் முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. வட்ஸ்அப் அழைப்பில் சேர்க்கலாம். ரொறன்ரோவில் காலை எட்டு மணி என்றால் இங்கே கோடையில் பின்னேரம் ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தொடங்கும்போதே அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் பக்கத்தில் யார் என்றும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் தாய் சொன்ன ஒரு சொல் அன்றிரவே சொந்தக்காரர் முழுக்கப் பரவிவிடும்.

எந்த வழியில் போனாலும் ஒரு இடத்தில் கண்டிப்பு வேண்டும். வீட்டில் அடி நடந்துகொண்டிருந்தால் கணவன் மனைவியை ஒன்றாக இருத்தாதீர்கள். அறைக்குள் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, பாதுகாப்பை முதலில் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உளவளத்துணைக்குப் போகும்படி பணிக்கவும், பாதுகாப்புக் கட்டளை நடைமுறையாகிறதா என்று பார்க்கச் சமூகப்பணியாளர் அல்லது குடும்ப உளவளத்துணையாளர் போன்றோரை அமர்த்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அந்த வழியில் உங்களிடம் ஒரு வழக்கு வந்தால், "சமாதானமாப் போங்கோ" என்று அனுப்புவது உங்கள் வேலையல்ல. 1938 மகளிருக்கு, 1929 சிறுவருக்கு, 1926 உளநலத்துக்கு: இந்த மூன்று உதவித் தொலைபேசி இலக்கங்களும் மனப்பாடமாக இருக்கட்டும்.

குறிப்பேட்டிலும் கவனம். காணாமற்போனவரின் பெயர், கடைசியாகக் கண்ட இடம், போர்க்கால விபரங்களை அலுவலகப் பொதுப் பதிவேட்டில் எழுதாதீர்கள். கோப்புக்கு ஒரு இலக்கம், பெயர்ப்பட்டியல் வேறாகப் பூட்டிய இடத்தில். இதைக் கற்றுக்கொடுக்காத பயிற்சி நிறுவனத்தில் மற்றதையும் சந்தேகியுங்கள்.

குடும்ப சிகிச்சைக்கென்று வார இறுதிச் சான்றிதழ் விற்கும் தனியார் நிறுவனங்கள் கூடிக்கொண்டு வருகின்றன. காசு கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். நேரடியாகக் குடும்பங்களோடு எத்தனை மணித்தியாலம்? அதில் எத்தனை, ஒருவருக்கு மேற்பட்டவர் அறையில் இருந்த அமர்வு? மேற்பார்வை செய்பவர் எங்கே எதைப் படித்தவர்? பயிற்சி மொழி தமிழா, மொழிபெயர்த்த பவர்பொயின்ரா? முதல் இரண்டுக்கும் இலக்கத்தில் விடை வராவிட்டால் விண்ணப்பப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.